தகனம் செய்து காவிரியில் கரைத்த உடல் உயிர்த்தெழுமா? பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

கொலுசுப்பட்டறை (சேலம்) கேட்டது:

வேதாகமம் படித்தவர்களும் ஞானோபதேச வகுப்பு நடத்துகிறவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கேள்வி என் பெரியம்மாவுடையது. அவர் கேட்டுக் கேட்டு இப்போது எனக்கும் தொற்றிக்கொண்டது.

சேலத்தில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகேற்றிச் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குக் கொடுக்கிற வேலை. அம்மாவுக்குச் சொந்த ஊர் ஏற்காடு. அப்பா அங்கே காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். அவர் இறந்தபோது மலையிலேயே, கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு வைக்கச் சொன்னது அம்மாதான். பிறகு எங்களோடு சேலத்துக்கு வந்துவிட்டார். இங்கே சித்திரை வெயில் ஏறும்போதெல்லாம், "என்னை இந்த வெக்கையில புதைச்சிடாதீங்கடா, மேல கொண்டு போயிடுங்க" என்பார். வேறு எதற்கும் அடம்பிடித்தவர் இல்லை.

2021 மே மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் கொரோனா. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்து நான் வேறு இடத்தில் படுத்துவிட்டேன். அம்மா போய்விட்டார் என்று செய்தி வந்தபோது எழுந்து நிற்கத் தெம்பில்லை. முழு ஊரடங்கு. மலைக்கு யார் வண்டி தருவார்கள், யார் குழி வெட்டுவார்கள், ஒன்றும் புரியவில்லை. தங்கை வீட்டுக்காரர்தான் போய் நின்றார். மாப்பிள்ளை இந்து. மின்மயானத்தில் தகனம் செய்து, மறுநாள் சாம்பலை வாங்கி, ஊரடங்கில் பயணம் போக இ-பதிவு எடுத்து மேட்டூர்ப் பக்கம் போய்க் காவிரியில் கரைத்துவிட்டு வந்தார். தன்னைப் பெற்றவளுக்கு எப்படிச் செய்வாரோ அப்படி, பாலும் பூவும் வைத்துச் செய்திருக்கிறார். அவர் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அந்த நேரத்தில் பக்கத்தில் போகவே ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடலை உறையில் வைத்துக் கட்டுவதற்கு முன்னால் முகத்தை மட்டும் கொஞ்சம் காட்டினார்களாம். அம்மாவுக்கு ரெட்டைப் பின்னல் போட்டிருந்தது என்றார் மாப்பிள்ளை. இரண்டு காதுக்கும் பின்னால் இரண்டு பின்னல், நுனியில் வெள்ளைத் துணி முடிச்சு. அம்மா எந்தக் காலத்திலும் கொண்டைதான். இதைக் கேட்டதிலிருந்து பெரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "எழுபது வயசுக்காரிக்கு எவடா ரெட்டை ஜடை போட்டது? கேலி பண்ணாங்களா? இல்ல, அது உங்கம்மாவே இல்லையா?" முகவாய் மச்சத்தைப் பார்த்தேன், அத்தைதான் என்று மாப்பிள்ளை சத்தியம் செய்கிறார்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மலைக்குப் போகிறோம். நவம்பர் 2 என்றால் ஏற்காட்டில் பனிமூட்டமும் தூறலும்தான், மெழுகுவத்தி நிற்காது. தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு மேல் கூண்டாகக் கவிழ்த்து வைப்போம். பெரியம்மா தன் அப்பா அம்மாவுக்கு, பெரியப்பாவுக்கு, என் அப்பாவுக்கு என்று ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, கையில் ஒரு வத்தியோடு நிற்பார். "இதை எங்கடா வைக்க? கடைசி நாள்ல எக்காளம் ஊதுறப்ப உங்கப்பன் இங்கருந்து எழுந்திரிப்பான். இவ எங்கருந்து வருவா, மேட்டூர்லருந்தா?"

சிரிப்பு வருகிற மாதிரி இருக்கும், ஆனால் அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று சொல்கிறவர். அந்த வரியை அப்படியே நம்புவதால்தான் பயப்படுகிறார். நானும் அதே வரியைச் சொல்கிறேன். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது? அப்புறம், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் சொல்லுங்கள்: இந்த நம்பிக்கையிலிருந்து உங்களுக்கு நிஜமாகவே தெம்பு வந்ததா, எப்படி வந்தது? பொதுவான ஆறுதல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஏகப்பட்டது வந்து கிடக்கிறது.

—

விசுவாச தீபம்:

கவலைப்படாதீங்க பிரதர். அம்மா இப்போ பரலோகத்தில் ஒரு தேவதூதரா உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. விசுவாசிகள் அழக்கூடாது. எல்லாம் நன்மைக்கே. ஆமென்.

—

ஞானோபதேச வாத்தியார் (அரிசிப்பாளையம்):

விசுவாச தீபம், நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மனிதர் செத்தால் தேவதூதர் ஆவதில்லை. லூக்கா 20-இல் ஆண்டவர் 'வானதூதரைப் போல' என்கிறார், அவ்வளவுதான். தம்பியின் அம்மா அவருடைய அம்மாவாகவேதான் எழுந்து வர வேண்டும், தம்பியும் அதைத்தான் கேட்கிறார். அழக்கூடாது என்பதும் வேதத்தில் இல்லை. லாசரைக் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அவன் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். தெசலோனிக்கருக்கு எழுதும்போது பவுலும் 'நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள்' என்றுதான் சொல்கிறார். துயரமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பி, முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன். ரொம்ப காலம் கத்தோலிக்கருக்குத் தகனம் கூடாது என்றே இருந்தது. 1963-இல் ரோமாபுரி அதைத் தளர்த்தியது. 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், அடக்கம் செய்வதே நல்லது, உயிர்ப்பை மறுப்பதற்காகச் செய்தாலொழிய தகனத்துக்குத் தடையில்லை என்கிறது. 2016-இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலைப் புனித இடத்தில் வைக்க வேண்டும், காற்றிலோ நீரிலோ தூவக் கூடாது என்கிறது. அதனால் காவிரியில் கரைத்தது முறையா என்று கேட்டால் முறை அதுவல்ல. ஆனால் உங்கள் அம்மா அதைக் கேட்கவும் இல்லை, நீங்கள் செய்யவும் இல்லை, உங்கள் மாப்பிள்ளைக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க நியாயமும் இல்லை. அதே அறிவுறுத்தலில், உடலை எரிப்பது கடவுள் அதை எழுப்புவதற்குத் தடையாகாது என்றும் தெளிவாகவே இருக்கிறது. பெரியம்மாவிடம் அதைச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் சட்டத்தைக் கேட்கவில்லை, ஆற்றைப் பற்றிக் கேட்கிறார். அதற்கு நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். கதை என்றால் நடந்தது.

கி.பி. 177. மார்க்கு அவுரேலியு ரோமைப் பேரரசனாக இருந்த காலம். இப்போது பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிறையிலும் அரங்கத்திலும் கொன்றார்கள். பிளாந்தினா என்ற அடிமைப் பெண், தொண்ணூறு வயது தாண்டிய ஆயர் பொத்தினு, இன்னும் பலர். பிழைத்தவர்கள் நடந்ததை ஒரு கடிதமாக எழுதினார்கள். யூசேபியு என்ற பழங்கால ஆயர் தன் திருச்சபை வரலாற்றில் அதைச் சேர்த்து வைத்ததால் இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது. அதில் என்னை உலுக்கிய பகுதி கொலை இல்லை, அதற்குப் பிறகு நடந்தது. உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுக் காவல் வைத்தார்கள். அடக்கம் செய்ய விடவில்லை. ராத்திரியில் எடுத்துவிடலாம் என்று பார்த்தார்கள், காசு கொடுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் உடல்களை எரித்து, சாம்பலைக் கூட்டி ரோன் ஆற்றில் தள்ளினார்கள். காரணத்தையும் அவர்களே சொன்னார்களாம்: உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கையில்தானே இவர்கள் சாவுக்குப் பயப்படவில்லை, இப்போது எப்படி எழுகிறார்கள் என்று பார்ப்போம்.

பெரியம்மா கேட்கிற அதே கேள்வி. அங்கே எதிரிகள் வன்மத்தோடு செய்தார்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பாசத்தோடு செய்தார். ஆறு ஆறுதான்.

அதன்பின் அந்த ஊருக்கு ஆயராக வந்தவர் இரேனியு. புதைக்க ஒரு எலும்புகூட மிஞ்சாத சபைக்கு மேய்ப்பர். அந்தக் காலத்தில் உடம்பு கேவலம், ஆன்மா மட்டும் தப்பித்தால் போதும் என்று பேசிக்கொண்டு ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு எதிராக இந்த உடம்புதான், இதே மாமிசம்தான் எழும் என்று மல்லுக்கு நின்றவர் இவர். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பித்த பெரிய ஆசிரியர்களில் ஒருவர், என்று அறிவித்தார். ஆற்றில் போன சாம்பலைப் பார்த்த ஊரின் ஆயரே அப்படி எழுதினார் என்றால், பெரியம்மா கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்.

உங்கள் தொழிலுக்குப் பொருத்தமாக ஒன்று. புனித அகுஸ்தீனார் ஒரு சிலையை வைத்து விளக்குகிறார். சிலையை உருக்கிவிட்டு, சிற்பி அதே உலோகத்தில் அதே சிலையைத் திரும்ப வார்த்தால், பழைய கையில் இருந்த துளி இப்போது காலுக்குப் போயிருக்கிறதா என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்; மொத்தமும் திரும்பி வந்தால் போதும் என்கிறார்.

—

சும்மாகேக்குறேன்:

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, ஆனால் உங்கள் கேள்வியை ரெண்டு தடவை படித்தேன். நினைவு இருக்கிறதே, அது போதாதா? அம்மாவைப் பற்றி இத்தனை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். உடம்புதான் திரும்ப வேண்டும் என்று ஏன் பிடிவாதம்?

—

கொலுசுப்பட்டறை:

வாத்தியார் சார், லியோன் கதைக்கு ரொம்ப நன்றி. இத்தனை வருஷம் கோயிலுக்குப் போகிறேன், யாரும் சொன்னதில்லை. அகுஸ்தீனார் விஷயத்தில் மட்டும் ஒரு பட்டறைக்காரனாக ஆட்சேபணை: சேதாரம் இல்லாமல் வெள்ளி உருக்க முடியாது சார். ஒரு கிலோ போட்டால் ஒரு கிலோ வராது. புகையில் போகும், உருக்குகிற மூசையில் ஒட்டும், அரத்தில் ராவும்போது பறக்கும், மெருகில் தேயும். வியாபாரிக்கும் எங்களுக்கும் ஆண்டாண்டு காலமாக நடக்கிற சண்டையே இந்தச் சேதாரத்துக்குத்தான்.

ஆனால் இதை எழுதும்போதே இன்னொன்று தோன்றுகிறது. நாங்கள் பட்டறைக் குப்பையை வெளியே கொட்டுவதில்லை. சாயங்காலம் கூட்டுகிற மண், கை கழுவுகிற தொட்டியின் அடியில் படிகிற சேறு, தேய்ந்த பழைய மிதியடி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வைப்போம். வாங்கிப் போக ஆட்கள் வருவார்கள். எரித்து, அலசி, அதிலிருந்து வெள்ளி எடுத்துவிடுவார்கள். பார்க்கிறவனுக்கு அது வெறும் அழுக்கு. எடுக்கத் தெரிந்தவன் அதற்கு விலை பேசுகிறான்.

சும்மாகேக்குறேன் தம்பி, தப்பாக எடுக்கவில்லை. நினைவு போதாது என்பதுதான் என் கஷ்டமே. நினைவு என்னோடு போய்விடும். என் மகளுக்கு ஆயாவின் குரலே மறந்துவிட்டது. எனக்கு அம்மாவின் நினைவு வேண்டாம், அம்மா வேண்டும். வேதத்தில் மகதலா மரியா தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பாள், அவர் "மரியா" என்று கூப்பிட்டதும் திரும்புவாள். தோமாவிடம் ஆணித் தழும்பைக் காட்டுவார். வறுத்த மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நினைவு மீன் சாப்பிடாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் எங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது இது.

—

நைட்டூட்டி (சேலம்):

அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். 2021-இல் கொரோனா வார்டில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவை நான் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ரெட்டைப் பின்னலுக்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் கணக்குத் தொடங்கி எழுதுகிறேன்.

அது கேலி இல்லை அண்ணா. பெரியம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு முகத்தோடு இறுக்கமாக மாஸ்க் போடுவோம். அதன் பட்டை பின்தலையைச் சுற்றி வரும். அங்கே கொண்டையோ ஒற்றைப் பின்னலோ இருந்தால் பட்டை வழுக்கும், ஓரத்தில் காற்று கசியும். மல்லாந்து படுத்தால் கொண்டை அழுத்தித் தலை வலிக்கும். நுரையீரல் விரிய வேண்டும் என்று மணிக்கணக்கில் குப்புறப் படுக்க வைப்போம். அப்போது முடி முகத்தில் விழுந்து டியூபில் சிக்கும். அதனால் நீள முடி இருக்கிற பெண்களுக்கு நடு வகிடு எடுத்து, காதுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னிவிடுவோம். ரப்பர் பேண்டுக்கு எங்கே போவது? காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியைக் கிழித்து முடிந்துவிடுவோம். உங்கள் மாப்பிள்ளை பார்த்த வெள்ளை முடிச்சு அதுதான்.

இரண்டு கையுறை போட்டுக்கொண்டு முடி பின்னுவது லேசான வேலை இல்லை. நழுவும். கண்ணாடிக்குள் வியர்வை இறங்கும், துடைக்க முடியாது. பல பாட்டிகளுக்கு எண்ணெய் காணாமல் சிக்குப் பிடித்திருக்கும். சில பேர் நாம் பின்னும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு அம்மா, "எங்கம்மா இப்படித்தான் இழுத்துப் பின்னுவா" என்றார்கள், மாஸ்க்குக்குள்ளிருந்து, பாதி புரிந்தது. ஆக, உங்கள் அம்மாவுக்கு ரெட்டைப் பின்னல் இருந்தது என்றால் யாரோ ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் செலவழித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் இல்லை. அதே மாதம் என் அப்பாவும் போனார். எட்டாம் நாள் டூட்டிக்குத் திரும்பினேன். ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தைத்தான் சொன்னார்கள். எக்காளம், கடைசி சத்துரு மரணம், எல்லாம் சரி. எனக்கு அதெல்லாம் ரொம்ப உயரத்தில் எங்கோ நடக்கிற மாதிரி இருந்தது. ஒரு ராத்திரி அந்த அதிகாரத்தைக் கடைசிவரை படித்தபோதுதான் பிடி கிடைத்தது. அத்தனை பெரிய விஷயத்தையும் சொல்லிவிட்டு, கடைசி வசனத்தில் பவுல் வேலைக்கு வந்துவிடுகிறார். கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்கிறார். நான் அதை வார்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். காலையில் பின்னிவிட்ட தலை சாயங்காலம் உறைக்குள் போகும். அப்போது நான் பின்னியது வீணா? இல்லை என்கிறது அந்த வசனம். இந்த உடம்போடு கடவுளுக்கு இன்னும் கணக்கு இருக்கிறது. அது போதும் எனக்கு, அடுத்த கட்டிலுக்கு நடந்து போக.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்களில் சாமி கும்பிடுகிறவர்கள், தொழுகிறவர்கள், எதையும் நம்பாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களும் என்னைப் போலத்தான், சில பேர் என்னைவிட நன்றாகப் பின்னினார்கள். அதனால் இது கிறிஸ்தவளுக்கு மட்டும் வரும் தெம்பு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள், சொன்னேன்.

ஈஸ்டர் அன்று எங்கள் சபையில் விடிவதற்கு முன்னால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஆராதனை நடத்துவோம். 1732-இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் தொடங்கிய வழக்கம் இது என்று எங்கள் ஐயர் (போதகர்) சொல்வார். அங்கே போனால் எனக்கு மாற்கு சுவிசேஷத்துப் பெண்கள்தான் ஞாபகம் வருவார்கள். அவர்கள் உயிர்த்தெழுதலை நம்பிக்கொண்டு போகவில்லையே. நறுமணப் பொருளை எடுத்துக்கொண்டு, பிணத்துக்குப் பூச, கல்லை யார் புரட்டுவார்கள் என்று புலம்பிக்கொண்டு போனார்கள். செய்ய வேண்டிய வேலை பாக்கி இருந்தது, போனார்கள். நமக்கும் பல நாள் அவ்வளவுதான் முடிகிறது.

—

ஞானோபதேச வாத்தியார்:

சிஸ்டர், முப்பது வருஷமாக அந்த அதிகாரத்தை நடத்துகிறேன். கடைசி வசனத்துக்கு வரும்போது மணி அடித்துவிடும். அடுத்த தடவை அங்கிருந்து தொடங்குகிறேன்.

தம்பி, ஒரு யோசனை. மலையில் பங்குத்தந்தையைப் பார்த்துக் கேளுங்கள், அப்பாவின் கல்லிலேயே அம்மா பெயரையும் வெட்டலாம். உடல் இல்லாத இடத்தில் பெயர் போடுவது புதிதில்லை. கடலில் போன மீனவர்களுக்கு எத்தனை ஊரில் அப்படி இருக்கிறது. பெரியம்மாவுக்கு வத்தி வைக்க ஒரு இடம் கிடைக்கும். அப்புறம், அதே அதிகாரத்தில் பவுல், இறந்தவர்கள் எப்படி எழுவார்கள் என்று கேட்டவனை 'அறிவிலியே' என்று திட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். பெரியம்மாவிடம் அந்த வசனத்தை மட்டும் வாசித்துக் காட்டாதீர்கள்.

—

கொலுசுப்பட்டறை:

ஞாயிறு பூசை முடிந்து மலைக்குப் போய்விட்டு வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

பெரியம்மா வாசலில் மிளகு காயப்போட்டுக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார். முதலில் லியோன் கதையைச் சொன்னேன். ஆறு நாள் காவல் என்றதும் "பாவிப் பயலுங்க" என்றார். பிளாந்தினா அடிமைப் பெண் என்றதும் அவள் வயசு என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சாம்பலை ஆற்றில் தள்ளினார்கள் என்றதும் கொஞ்ச நேரம் மிளகைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆறு பெருசா, நம்ம காவேரி பெருசா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். ரெண்டும் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீளம்தான்.

"அப்ப சரி. அங்கருந்து எடுக்கிறவருக்கு இங்கருந்து எடுக்க என்ன." அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். நான்தான் இரேனியு, 2016, அகுஸ்தீனார் என்று இன்னும் என்னென்னவோ தயார் செய்து போயிருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை.

பின்னல் விஷயத்தை சிஸ்டர் எழுதியதை அப்படியே வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு எப்படிப் பின்ன முடியும் என்று தன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். அப்புறம், "மாப்பிள்ளைக்குப் போன் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். "ஏங்க, அந்த ஜடை ரெண்டும் சமமா இருந்துச்சா? ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லின்னு இல்லையே?" அந்தப் பக்கம் மாப்பிள்ளை என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்திருக்க வேண்டும். கடைசியில், சமமாகத்தான் இருந்தது அத்தை, வகிடுகூட நேராக எடுத்திருந்தார்கள் என்றார். பெரியம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த நர்ஸ் பொண்ணுக்குக் காப்பித்தூள் கொடுத்து அனுப்பு என்றார். எந்த நர்ஸ் என்று எப்படிச் சொல்வது? சிஸ்டர், உங்களுக்குச் சம்மதம் என்றால் தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். எங்கள் மலைக் காப்பி, நானே அரைத்து வாங்கி வைத்திருக்கிறேன். சிக்கரி கிடையாது.

எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி பட்டறையைப் பூட்டும்போது இன்னும் கேள்வி வருகிறது. ஆனால் அம்மாவை நினைத்தால் இத்தனை நாளும் அந்த உறைதான் கண்ணில் நிற்கும். இப்போது அதற்கு முந்தின நாள் வந்து நிற்கிறது, யாரோ வகிடு எடுக்கிறார்கள்.

பங்குத்தந்தையைப் பார்த்தோம். கல்லில் பெயர் வெட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், வெட்டுகிற அன்றைக்கு ஒரு பூசையும் வைப்பதாகச் சொன்னார். பெரியம்மா அதிலும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: அம்மா பெயருக்குக் கீழே தன் பெயருக்கும் இடம் விட வேண்டுமாம். பெரியப்பா பக்கத்தில் இடம் இருக்கிறதே என்றால், "அவரு கூடத்தான் ஆயுசு முழுக்க இருந்தாச்சே" என்கிறார்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். அப்பாவின் கல் பழைய கருங்கல், பாசி பிடித்திருக்கிறது. பெயின்ட்டில் எழுதினால் குறைந்த செலவில் முடியும் என்கிறார் ஒருவர். மலையில் தாங்குமா?

—

மலைவாசி (ஏற்காடு):

பெயின்ட் வேண்டாங்க. ரெண்டு ஐப்பசி தாங்காது, பாசி ஏறி எழுத்தையே தின்றுவிடும். எங்கள் தாத்தா கல்லில் பெயின்ட் அடித்து இப்போது பிறந்த வருஷம் மட்டும்தான் மிச்சம், ஆள் இன்னும் சாகவில்லை என்கிற மாதிரி நிற்கிறது. வெட்டி எழுதச் சொல்லுங்கள், நல்ல ஆழமாக. சேலத்தில் கல் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், கல்லைப் பெயர்த்துக் கீழே கொண்டுபோக வேண்டாம், அவர்களே மேலே வந்து உட்கார்ந்து வெட்டித் தருவார்கள். எழுத்துக் கணக்கில்தான் கூலி பேசுவார்கள், அதனால் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், கல் காய்ந்திருக்கும். முதல் நாளே கம்பி பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஆசிட் ஊற்றலாம் என்பார்கள், கேட்காதீர்கள். பெரியம்மாவுக்கு இடம் விடுவதென்றால் ஒரு சாண் போதும்.